மூன்றடி ரீஃப் தொட்டிக்கு எந்த எல்இடி விளக்கு?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போதைக்கு ஒரு ஜோடி கிளவுன் மீன் மட்டும்தான். அடுத்து ஸோவா, லெதர், டார்ச் மாதிரி பவளங்கள் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து அக்ரோ என்ற கிளைப்பவளம் வைக்கவும் ஆசை. 165 வாட் கறுப்புப் பெட்டி எல்இடி ஒன்றே போதும் என்கிறார் கடைக்காரர். நண்பரோ, பெரிய பிராண்ட் விளக்கு ஒன்றை வாங்கி நடுவில் தொங்கவிடச் சொல்கிறார். லிட்டருக்கு எத்தனை வாட் என்று கணக்கு உண்டா? எதை வாங்கலாம், அண்ணே?

பதில்:

லிட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கை இன்றோடு மறந்துவிடுங்கள், தம்பி. அது டியூப் லைட், மெட்டல் ஹாலைடு காலத்துக் கணக்கு. அப்போது எல்லாருடைய பல்புகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்ததால் வாட்டைச் சொன்னால் வெளிச்சத்தைச் சொன்ன மாதிரி ஆனது. எல்இடியில் அப்படி இல்லை. சிப் எவ்வளவு தரமானது, அதற்குள் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது, மேலே என்ன லென்ஸ், எத்தனை உயரத்தில் தொங்குகிறது என்பதைப் பொறுத்து, ஒரே 100 வாட்டில் ஒரு விளக்கு தரும் வெளிச்சம் இன்னொன்றுக்குப் பாதியாக இருக்கலாம். வாட் என்பது உங்கள் மின்கட்டணத்துக்கான எண், அவ்வளவுதான். கறுப்புப் பெட்டியின் 165 வாட்கூட, 55 சிப், சிப்புக்கு 3 வாட் என்று பெருக்கிப் போட்ட எண். சுவரில் இருந்து அது இழுப்பது அதைவிடக் குறைவு.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: பெரிய விளக்கு ஒன்றுக்குப் பதிலாக நடுத்தர விளக்கு இரண்டு வாங்குங்கள். இடது ஓரத்திலிருந்து 22 செ.மீ.யில் ஒன்று, வலது ஓரத்திலிருந்து 22 செ.மீ.யில் ஒன்று, தண்ணீருக்கு மேலே 20 முதல் 25 செ.மீ. உயரம். இரண்டையும் முழுவேகத்தில் ஓட்டாதீர்கள். ஏன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன், கொஞ்சம் நீளும்.

பவளம் வெளிச்சத்தை நேராகச் சாப்பிடுவதில்லை. அதன் சதைக்குள் குடியிருக்கும் ஒருசெல் பாசிதான் சாப்பிடுகிறது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு வீட்டுக்காரரான பவளத்துக்குப் போகிறது. பல பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட இப்படிக் கிடைக்கும். ஆக, நீங்கள் விளக்கு வாங்குவது அந்தப் பாசிக்காக. அதற்குப் பிடித்த வெளிச்சம் எது? அதில் உள்ள பச்சையம் 430 நானோமீட்டரை ஒட்டிய ஊதாநீலத்தையும் 665 அருகே உள்ள சிவப்பையும் நன்றாக உறிஞ்சும். இதோடு இன்னொரு வகைப் பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் சேர்ந்து, 450இல் தொடங்கி 500க்கு மேல் வரை உள்ள நீலத்தையும் நீலப்பச்சையையும் பிடித்துக்கொள்கின்றன. கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். தெளிந்த கடலில் ஆழத்துக்குப் போவது நீலம்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் நீலத்திலேயே வாழ்ந்து பழகிய உயிர் அது.

இங்கேதான் எல்இடிக்கு இயல்பான பொருத்தம் இருக்கிறது. பிரகாசமான நீல எல்இடி 1990களின் தொடக்கத்தில்தான் சாத்தியமானது. அதைச் செய்துகாட்டிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று வீட்டில் எரியும் வெள்ளை எல்இடிகூடப் பெரும்பாலும் நீல எல்இடிதான். 450 சுற்றுவட்டார நீலச் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதனால்தான் சாதாரண வெள்ளை ஃப்ளட் லைட்டின் கீழும் சில பவளங்கள் பிழைத்துக்கிடக்கின்றன. ரீஃப் தொட்டிக்கென்றே எல்இடி விளக்கு கடைக்கு வந்து சுமார் இருபது வருஷம்தான் ஆகிறது. 2006வாக்கில் அமெரிக்காவில் சோலாரிஸ் என்று ஒன்று வந்தது, விலை கண்ணைக் கட்டியது. 2011இல் ரேடியான் என்ற எல்இடி விளக்கு வந்த பிறகுதான் ஹாலைடு வைத்திருந்த பழைய ஆட்கள்கூட மெதுவாக மாறத் தொடங்கினார்கள்.

சரி, வாட் வேண்டாம் என்றால் எதை வைத்து அளப்பது? பார். நம்முடைய "இங்கே பார்" இல்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரை, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற அளவு அது. வெயில் காயும் நடுப்பகலில் கடல் மேற்பரப்பில் இது சுமார் 2000. தொட்டிக்கு அந்த அளவெல்லாம் தேவையே இல்லை.

இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் முதல் தொட்டிக்கும் ஒரு கறுப்புப் பெட்டிதான் வாங்கினேன். வெள்ளையை அணைத்து நீலத்தை மட்டும் போட்டால் தொட்டி மங்கலாக, நிலா வெளிச்சம் மாதிரி தெரிந்தது. பாவம், பவளத்துக்குப் போதாது என்று நினைத்து நீலத்தை நூறு சதவீதத்துக்கு ஏற்றினேன். பத்து நாளில் மேல் பாறையில் இருந்த மான்டிபோரா என்ற கல்பவளம் காகிதம் போல வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த லெதர் மூடிக்கொண்டு திறக்கவே இல்லை. தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று நம்பி மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். அப்புறம் தெரிந்தவர் ஒருவர் பார் மீட்டரோடு வந்து அளந்தார். விளக்குக்கு நேர் கீழே 400ஐத் தாண்டியது. ஓரத்துக்குப் போனால் 50கூடத் தேறவில்லை.

காரணம் எளிது. மனிதக் கண் மிக நன்றாகப் பார்ப்பது 555 நானோமீட்டர் பச்சையை. அதற்கு 100 மதிப்பெண் கொடுத்தால் 450 நானோமீட்டர் நீலத்துக்கு நம் கண் கொடுப்பது 4கூட இல்லை. பாசிக்கு அந்த நீலம்தான் விருந்து. நமக்கு மங்கலாகத் தெரியும் வெளிச்சம் பவளத்துக்குக் கத்திரி வெயிலாக இருக்கலாம். கைபேசியில் லக்ஸ் செயலி இறக்கி அளப்பவர்களுக்கும் இதே கோளாறுதான், ஏனென்றால் லக்ஸ் என்ற அளவே மனிதக் கண்ணை வைத்துச் செய்தது. வெயிலில் ஒரு பார் அளவுக்குச் சுமார் 54 லக்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். நீல எல்இடியில் அந்தக் கணக்கு செல்லாது.

இனி உங்கள் பட்டியல். மஷ்ரூம் பவளங்களுக்கு 30 முதல் 80 வரை போதும். நிழலில் வைத்தாலும் கோபிக்காது. ஸோவாவும் லெதரும் 80 முதல் 150க்குள் நன்றாக இருக்கும். டார்ச், ஹேமர் வகைகளை 80 முதல் 150க்குள் வைத்து, நீரோட்டம் நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மான்டிபோராவை 150, 200 பக்கத்தில் தொடங்கலாம். அக்ரோவுக்கு 250 முதல் 350 என்பது பெரும்பாலானவர்கள் குறிவைக்கும் இடம். அதற்கு மேலேயும் பழக்கலாம்தான். ஆனால் ஒளிச்சேர்க்கை ஏறிக்கொண்டே போவதில்லை. ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். அதன் பிறகு கொட்டும் வெளிச்சம் பாசிக்குச் சுமைதான். வயிறு நிறைந்தவனுக்கு இலையில் போட்டுக்கொண்டே இருப்பது போல.

இந்த எண்களைத் தொட்டியின் சராசரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பவளம் உட்காரும் அந்த ஒரு இடத்தில் விழுவதைத்தான் சொல்கிறேன். உங்கள் 45 செ.மீ. உயரத் தொட்டியில் மேல் பாறைக்கும் மணலுக்கும் இடையில் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அது குறை இல்லை, வசதி. மேலே 250 இருந்தால் நடுவில் 150, மணலில் 80 என்று கிடைக்கும். அக்ரோ மேலே, டார்ச் நடுவில், மஷ்ரூம் பாறை நிழலில் என்று அவரவருக்கு வீடு ஒதுக்கலாம். பவளத்துக்கு விளக்கைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதிக்கு மேல் இந்த இட ஒதுக்கீடுதான்.

நண்பர் சொன்ன ஒற்றைப் பெரிய விளக்குக்கு நான் ஏன் தலையாட்டவில்லை என்றால், அது நல்ல விளக்குதான், உங்கள் தொட்டிதான் நீளம். ரேடியான், ஹைட்ரா, கெசில் எல்லாமே சிப்புகளை ஒரு சின்ன வட்டத்தில் கொத்தாக வைத்திருக்கும். கொத்து சிறிதாக இருந்தால் தண்ணீரில் அந்த அழகான அலைக்கோடுகள் கிடைக்கும். கூடவே நிழலும் கத்தியால் வெட்டினது போல விழும். 60 செ.மீ. தொட்டியை ஒன்று சமாளிக்கும். 90 செ.மீ.யில் நடுவில் தொங்கவிட்டால் இரண்டு ஓரமும் பட்டினி. ஓரத்துக்குப் போதிய வெளிச்சம் தர ஏற்றினால் நடுவில் எரியும், எனக்கு எரிந்த மாதிரி. விளக்கை உயர்த்தினால் பரவும், ஆனால் வெளிச்சத்தில் ஒரு பகுதி கண்ணாடிக்கு வெளியே கொட்டி வரவேற்பறை முழுக்க நீலமாகும். வீவக ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தொட்டி வைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குடும்பப் பிரச்சினை என்று தெரியும்.

கிளைகிளையாக வளரும் பவளத்துக்கு நிழல் இன்னும் கெடுதல். ஒரே இடத்திலிருந்து வெளிச்சம் வந்தால் அக்ரோவின் மேல்கிளை தன் அடிக்கிளையையே மறைக்கும். ஒரு வருஷத்தில் மேலே நிறமும் அடியில் வெறும் எலும்புமாக நிற்கும். இரண்டு பக்கமிருந்து வந்தால் ஒன்றின் நிழலை மற்றது நிரப்பும். பழைய டி5 குழல் விளக்குகளை இன்னும் சிலர் விடாமல் வைத்திருப்பதும், எல்இடியின் இருபுறமும் இரண்டு டி5 மாட்டுவதும் இதற்காகத்தான். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். குழலை வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதைத் தேடி அலைய வேண்டும்.

இரண்டு விளக்கில் இன்னொரு லாபம்: 50, 60 சதவீதத்தில் ஓடும் சிப் குளிர்ச்சியாக இருக்கும், ஒரு வாட்டுக்கு அதிக வெளிச்சம் தரும், விசிறியும் இரையாது. ஒன்று கெட்டுப்போனால் மற்றொன்றை ஏற்றி, பழுது பார்த்து வரும்வரை ஓட்டலாம். ஒற்றை விளக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி அணைந்தால் என்ன செய்வீர்கள்?

எந்த விளக்கு என்று பெயர் கேட்பீர்கள். ஏஐ பிரைம், ரெட் சீ ரீஃப்எல்இடி 50 போன்ற அளவில் இரண்டு போட்டால் நீங்கள் சொன்ன பட்டியலில் அக்ரோ தவிர மற்ற எல்லாம் தொட்டியின் எந்த மூலையிலும் வாழும். அக்ரோவும் மேல் பாறையில் வாழும். தொட்டி முழுக்க அக்ரோ என்று பிற்பாடு மனசு மாறினால் அப்போது ரீஃப்எல்இடி 90, ஹைட்ரா 32 அளவில் இரண்டு வேண்டியிருக்கும். கையில் காசு இருந்தால் இப்போதே அந்த அளவை வாங்கிக் குறைத்து ஓட்டலாம், தவறில்லை. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எண் சொல்லவில்லை. கறுப்புப் பெட்டியை நான் முழுக்கத் திட்டவும் மாட்டேன். அதன் கீழே அருமையான தொட்டிகள் இருக்கின்றன. நீளவாக்கில் சிப்புகள் பரவியிருப்பதால் நிழல்கூடக் குறைவு. என்னுடையது கெட்டதற்குக் காரணம் விளக்கு இல்லை, நான்தான். ஆனால் நீலம், வெள்ளை என்று இரண்டே திருகு குமிழ், மெல்ல ஏறி இறங்கும் வசதி பல மாடல்களில் இல்லை, உள்ளே என்ன சிப் என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. எடுத்தவுடன் முதல் விளக்காக வாங்க அது எனக்கு ஒப்பவில்லை.

நிறத்தைப் பற்றி இப்போது. விளக்கின் செயலியில் ஊதா, அடர்நீலம், நீலம், வெள்ளை, பச்சை, சிவப்பு என்று திரையில் நகர்த்தும் ஆறேழு கோடுகள் இருக்கும். அதை நாள் முழுக்க ஏற்றி இறக்கி விளையாடத் தோன்றும். தொடாதீர்கள். ஊதாவும் நீலங்களும் மேலே, வெள்ளை அதில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை, பச்சையும் சிவப்பும் நூற்றுக்கு ஐந்துக்குள். ரேடியான்காரர்கள் ஏபி பிளஸ் என்று வைத்திருக்கும் பிரபலமான அமைப்பும் கிட்டத்தட்ட இதே போக்குதான். சிவப்பை நான் அடக்கி வைக்கச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. ஸ்டைலோஃபோரா என்ற கல்பவளத்தைச் சிவப்பு வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், அதன் பாசியின் ஒளிச்சேர்க்கைத் திறன் குறைந்துபோனது தெரிந்தது.

இருபதாயிரம் கெல்வின், பதினாலாயிரம் கெல்வின் என்று பெட்டியில் போட்டிருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரே நிறத்தில் எரிந்த ஹாலைடு பல்புக்குப் பொருத்தமான அடையாளம். ஆறு நிறச் சிப்புகளைக் கலந்து ஓட்டும் விளக்குக்கு அந்த எண் அதிகம் ஒன்றும் சொல்லாது.

கடையில் பவளம் வாங்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைகள் நீலத்தை மட்டும் எரிய விடுவது பவளத்தின் நன்மைக்காக மட்டும் இல்லை. பவளத்துக்குள் இருக்கும் ஒளிரும் புரதங்கள் நீலத்தை வாங்கிக்கொண்டு பச்சை, ஆரஞ்சு என்று திருப்பி விடும். தொட்டி திருவிழா மாதிரி மின்னும். வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் அதே டார்ச் பழுப்பாக நிற்கும். யாரும் ஏமாற்றவில்லை, விளக்கு அப்படி. கைபேசிப் படத்தில் எல்லாம் ஒரே நீலமாக விழுவதற்கும் இதுவே காரணம், ஆரஞ்சு நிற வடிகட்டி லென்ஸ் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும்.

ஒரு சின்னத் திசைமாற்றம். செயின்ட் ஜான்ஸ், சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கம் நீர் வற்றும் காலையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நம் சிங்கப்பூர்க் கடலில் சுமார் 250 வகைக் கல்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் தண்ணீர் கலங்கல். கடலைத் தூர்த்தும் ஆழப்படுத்தியும் எழும்பிய வண்டல் வெளிச்சத்தை மறைப்பதால் பவளங்கள் பெரும்பாலும் மேல் சில மீட்டருக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. விளம்பரத்தில் வரும் படிக நீலத் தண்ணீர் இல்லாமலே அவை வாழ்கின்றன. டார்ச், ஹேமர் குடும்பமும் இப்படிக் கலங்கிய, அமைதியான நீரில் சாதாரணமாகக் காணப்படுவதுதான். ஆகவே உங்கள் எளிய பவளங்களுக்கு வெளிச்சம் குறைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். கூடிவிடுமோ என்று பயப்படுங்கள். (அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுத்து வராதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.)

வாங்கி மாட்டிய பிறகு தொடங்குவது 30, 35 சதவீதத்தில். நல்ல செயலிகளில் பழக்கும் முறை என்று ஒன்று இருக்கும். ஆறு வாரத்தில் நீங்கள் நினைத்த அளவுக்கு அதுவே சிறுகச் சிறுக ஏற்றிக்கொள்ளும். பழைய விளக்கிலிருந்து புதியதுக்கு மாறும்போதும் இதையே செய்யுங்கள். புதிதாக வாங்கிய ஃப்ராக்கை (பவளத் துண்டை) நேராக மேல் பாறையில் ஒட்டாமல் முதல் இரண்டு வாரம் மணலில் வைத்து, பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கடையில் அது எத்தனை பாரில் இருந்தது என்று கேட்டால் நல்ல கடைக்காரர் சொல்வார்.

பவளம் பேசாது, ஆனால் காட்டும். வெளிச்சம் அதிகமானால் விளக்கைப் பார்த்த மேல்பக்கம் முதலில் வெளுக்கும், நிழலான அடிப்பக்கம் நிறத்தோடு இருக்கும். ஸோவா மூடிக்கொள்ளும், டார்ச் சுருங்கும். வெளிச்சம் குறைந்தால் ஸோவாவின் தண்டு ஜன்னலைத் தேடும் செடி மாதிரி நீளும், அக்ரோ பழுப்பேறும். பழுப்பு என்றால் சாகிறது என்று அர்த்தமில்லை, குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கப் பாசியைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. நைட்ரேட் ஏறினாலும் பழுப்பாகும், அதனால் விளக்கைத் தொடும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். இன்னொரு குழப்பம்: அடியிலிருந்து மேல்நோக்கி சதை உரிந்து எலும்பு தெரிந்தால் அது பெரும்பாலும் வெளிச்சக் கோளாறு இல்லை. காரத்தன்மை திடீரென்று மாறியதா, பூச்சி இருக்கிறதா என்று அங்கே போய்த் தேடுங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டினால் கல்பவளம் எலும்பு கட்டும் வேகமும் கூடும்; தண்ணீரில் காரத்தன்மையும் கால்சியமும் வேகமாகக் குறையும். விளக்கை ஏற்றும் வாரங்களில் காரத்தன்மையை இரண்டு நாளுக்கு ஒரு முறை பாருங்கள். பலர் விளக்கை ஏற்றியதும் பவளம் சோர்ந்ததைப் பார்த்து விளக்கையே குறைசொல்வார்கள். காரத்தன்மை (டிகேஎச் என்ற அலகில்) எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியிருப்பது கடைசியில்தான் தெரியும்.

நேரம் எவ்வளவு? ஒளிச்சேர்க்கைக்குப் பார்த்தால் உச்சத்தில் எட்டு மணி நேரம் போதும். ஏறவும் இறங்கவும் தலைக்கு ஒரு மணி. நாள் முழுக்க விழும் மொத்தம்தான் கணக்கு. 200 பாரில் 8 மணி நேரம் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 5.8 மோல். 150 பாரில் பத்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினாலும் அதே அளவு வந்துவிடும். ஓரத்துப் பவளத்துக்குக் கொஞ்சம் குறைகிறது என்றால் விளக்கை ஏற்றாமல் நேரத்தை நீட்டலாம் என்பது இதன் பயன். இங்கே சூரியன் வருஷம் முழுக்க ஏழுக்கு ஏழு என்றாலும் நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்து பார்க்கத்தானே தொட்டி? மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கி ராத்திரி பத்துக்கு அணைய வையுங்கள். அதன் பிறகு முழு இருட்டு. நிலா விளக்கு அழகுதான், தேவை இல்லை.

மின்சாரம்: இரண்டு விளக்கும் சேர்ந்து உச்சத்தில் 120 வாட், நாள் சராசரி அதில் 60 சதவீதம், பத்து மணி நேரம் என்றால் மாதத்துக்கு 22 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஆறேழு வெள்ளி. இதே தொட்டிக்கு அந்தக் காலத்தில் 250 வாட் ஹாலைடு இரண்டு போட்டவர்களுக்கு 45 வெள்ளி. அதற்கு மேல், அந்தச் சூடு தண்ணீரில் இறங்க, அதை வெளியே தள்ளச் சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி) கூடுதலாக ஓடும். எல்இடியும் சூடாகும், ஆனால் அதன் சூடு பெரும்பாலும் முதுகுப் பக்கமாக அறைக்குள் போகிறது. சில்லர் வேண்டாம் என்ற முடிவுக்கு இதை வைத்து வந்துவிடாதீர்கள். 31 பாகை அறையில் 26 பாகைத் தண்ணீர் வேண்டுமென்றால் விளக்கு எதுவானாலும் சில்லர் வேண்டும்.

ஐம்பதாயிரம் மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியில் இருக்கும். பத்து மணி நேரம் வீதம் பதின்மூன்று வருஷத்துக்கு மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் விளக்கு அணையும் வரை என்று இல்லை, வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் வரை என்று பொருள். அதற்கு வெகு முன்பே விசிறியை உப்பு தின்றுவிடும். குமிழி வெடித்துத் தெறிக்கும் உப்புத்துளி லென்ஸில் படிந்து சில மாதத்தில் வெளிச்சத்தைக் கணிசமாகக் குறைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அணைத்து, ஆறவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும்.

கேரோசல் இணையச் சந்தையில் பழைய விளக்குகள் நிறைய வரும், தொட்டியைக் கலைப்பவர்கள் பாதி விலைக்குத் தருவார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் எரிய வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே நூறுக்கு ஏற்றி எந்தச் சிப்பாவது இருட்டாக இருக்கிறதா பாருங்கள். நேராக உற்றுப் பார்க்காமல் வெள்ளைத் தாளில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள், ஊதா எல்இடி கண்ணுக்கு நல்லதில்லை. பத்து நிமிஷம் ஓடவிட்டு விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். திருகுகளில் பச்சைப் படிவு இருந்தால் உப்பு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். பழைய உரிமையாளர் தன் செயலிக் கணக்கிலிருந்து விளக்கை நீக்கிவிட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக மீட்டர். அபோஜி எம்க்யூ-510 மாதிரி நீருக்குள் அளக்கும் மீட்டர் விலைக்கு வாங்கத் தேவையில்லை. வாடகைக்கோ நண்பரிடமிருந்தோ ஒரு வார இறுதிக்குக் கிடைத்தால் போதும். அதே நிறுவனத்தின் பழைய 200 மாடல் நீலத்தைக் குறைத்துக் காட்டும், அதில் 200 என்று வந்தால் உண்மையில் அதைவிட அதிகம். விளக்கை நீங்கள் இறுதியாக ஓட்டப்போகும் அளவுக்கு ஏற்றி, பம்பை நிறுத்தி, சென்சாரைச் சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து அளவெடுங்கள். மணலில் இடது, நடு, வலது. நடுப்பாறையில் மூன்று இடம். மேல் பாறையில் மூன்று இடம். ஒன்பது எண்ணையும் தாளில் தொட்டி வரைந்து குறித்து, கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள், அளந்தபோது விளக்கு எத்தனை சதவீதத்தில் இருந்தது என்பதோடு. அளந்து முடிந்ததும் பழக்கும் அளவுக்கு இறக்க மறந்துவிடாதீர்கள். மீன் குதிக்காமல் இருக்க வலை மூடி போடுவீர்கள் என்றால் அதைப் போட்டே அளக்கவும். வலையும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும்.